சிவப்புத் துணி கட்டிய பாத்திகள்

செப்டம்பர் 14

விதைத்து முடித்தோம். நூற்று அறுபது பாத்திகள். மண்ணைக் கையில் எடுத்தால் மாவு போல விரலிடுக்கில் இறங்குகிறது. இந்தப் பக்கத்தில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. அதனால் நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில் முளைக்கும். தண்ணீர் கட்டிக் களையை அமுக்க வழியில்லை. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு வெயில்.

முந்துகிற நெல்லைத் தேடுவதுதான் என் ஆய்வு. இன்னும் பெயர் வைக்காத நெல் ரகத்தை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கல்ச்சர் என்பார்கள்; எண் மட்டும் உண்டு. என்னிடம் இருபது கல்ச்சர்கள். ஒவ்வொன்றையும் களை எடுக்கும் பாத்தி ஒன்றிலும், அறுவடை வரை களையே எடுக்காத பாத்தி ஒன்றிலும் விதைத்திருக்கிறோம். இதே ஏற்பாடு நான்கு முறை. எந்தப் பாத்தியில் எது என்பது குலுக்கிப் போட்டது. என் வழிகாட்டி ரெஜினா மேடம் பொட்டலங்களுக்கு எண் போட்டு அனுப்பினார். பட்டியல் அவர் பீரோவில், ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. களையைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறவள் நான். ஆகவே எனக்குத் தெரியக்கூடாது.

இது மூன்றாவது வருஷம். மார்ச்சில் திட்டம் முடிகிறது. இந்தப் பருவமும் தாக்குப்பிடிக்கும் கல்ச்சர் நான்கு மாவட்டங்களில் விவசாயிகளின் வயலுக்குப் போகும். மற்றவை குளிர் அறை அலமாரிக்கு.

செப்டம்பர் 23

மழை இல்லை. எறும்புகள் விதையைத் தூக்கிப் போகின்றன. நூலகத்தில் எடுத்த தடித்த நாவலில் நாற்பது பக்கமாகப் பனி பெய்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

அக்டோபர் 6

மழை. விடுதி ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன். நாவல் நனைந்துவிட்டது. நூலகருக்கு என்ன சொல்வது என்று நாளை யோசிக்கலாம்.

அக்டோபர் 12

முளைத்துவிட்டது. எல்லாமே முளைத்துவிட்டது. குனிந்து பார்த்தால் எது நெல், எது குதிரைவாலிப் புல் என்று எனக்கே சில இடங்களில் தெரியவில்லை.

அக்டோபர் 21

என் கல்ச்சர் நாற்பத்தேழு எந்தப் பாத்திகளில் இருக்கிறது என்று அடையாளம் கண்டுவிட்டேன். தேடவில்லை. நடந்து போனேன், தெரிந்துவிட்டது. அதன் மூன்றாவது இலை மற்றவற்றைவிட அகலம். நுனி வளைந்து பக்கத்தில் சாயும். தூரடியில் லேசான சிவப்பு, அதன் தாயான பழைய சிவப்பு நெல்லிலிருந்து வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் எம்.எஸ்சி. படிக்கும்போது, விடியற்காலையில் கிடுக்கியை வைத்து மகரந்தப் பைகளைப் பிடுங்கி நான் செய்த ஒட்டு. அந்தப் பூக்கதிரில் பதினோரு மணிதான் தங்கியது. பதினொன்றில் ஒன்றின் பேரப்பிள்ளைகள் இவை.

களை எடுக்காத அதன் நான்கு பாத்திகளின் முளைக்குச்சிகளிலும் என் கிழிந்த சிவப்புத் துப்பட்டாவிலிருந்து ஒவ்வொரு துண்டு கட்டினேன். தூரத்திலிருந்து பார்க்க வசதி, அவ்வளவுதான். மதிப்பெண் போடும்போது துணியைப் பார்க்கமாட்டேன்.

இன்றைய மதிப்பெண்: நான்கிலும் இரண்டு. ஒன்றில் மூன்றாகவும் இருக்கலாம். எண் குறைந்தால் களை குறைவு.

அக்டோபர் 27

முதல் களையெடுப்பு. இருளாயி அக்காவும் அவர் செட்டில் பதினொரு பெண்களும் வந்தார்கள். முதல் இரண்டு வருஷமும் நிலையத்துக்கு வந்த செட்டு மாறி இந்த வருஷம்தான் இவர்கள். எடுக்க வேண்டிய பாத்திகளின் குச்சிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தேன்.

“இந்தா தாயி, வெள்ளக் குச்சிய மட்டும் எடுக்கச் சொல்லுறீக. பக்கத்துப் பாத்திய என்ன செய்ய?”

“அதை அப்படியே விட்டுடணும்க்கா.”

“எம்புட்டு நாளைக்கு?”

“அறுப்பு வரைக்கும்.”

பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். “ஒரு புள்ளைக்கு எண்ண தேச்சுக் குளுப்பாட்டிட்டு, கூடப் பொறந்ததத் தெருவுல விட்ட கணக்கால்ல இருக்கு,” என்றார் இருளாயி அக்கா. “பஸ்ஸுல போறவுக என்ன சொல்லுவாக? இருளாயி செட்டு களையெடுத்த லட்சணத்தப் பாருன்னுல்ல சொல்லுவாக.”

“வேணும்னா ஒரு போர்டு வெச்சிடலாம்க்கா.”

“என்னான்னு? இதுக்கும் இருளாயிக்கும் சம்பந்தமில்லன்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவர் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எங்கோ இருக்கிறது. பெருவிரல் மட்டும் இலை தண்டோடு சேரும் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. “கழுத்தத் தடவிப் பாருங்க தாயி. மசுரு குத்துனா நெல்லு. வழுவழுன்னு இருந்தா சக்களத்தி.” குதிரைவாலிப் புல்லை அவர் அப்படித்தான் சொல்கிறார். நான் அதைப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் புல் நெல்லைப் போல இருப்பது தற்செயல் அல்ல என்று படித்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் களையெடுக்கும் பெண்கள் வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். நெல்லின் சாயல் இருந்தது தப்பித்து விதை போட்டது. யாரும் நினைக்காமலே அந்தக் கைகள் ஒரு புல்லை உருவாக்கிவிட்டன. இதை இருளாயி அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப நாங்களும் ஒங்கள மாதிரி ஆராய்ச்சிக்காரவுகதான்,” என்றார். பிறகு, “ஒங்க நெல்லு களைய அதுவே அடிச்சிரும்ங்கிறீக. அது ஊருக்குள்ள வந்துட்டா எங்கள எதுக்குக் கூப்புடப் போறாக?”

“வேற வேலை இருக்கும்க்கா.”

அவர் அடுத்த வெள்ளைக் குச்சிக்கு நகர்ந்தார்.

நவம்பர் 4

பண்ணை மேலாளர் கதிரேசன் சார் வரப்பில் நின்றே சொன்னார்: “ரெண்டாவது களைக்கு ஆறு பேருதாம்மா. மேல அவ்வளவுதான் ஒதுக்கியிருக்காங்க. ஆள் பத்தலைன்னு எங்கிட்ட வராதே.” பக்கத்து மிளகாய் வயலில் வேலை செய்துகொண்டிருந்த இருளாயி அக்காவின் ஆட்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளைக் குச்சிப் பாத்திகளுக்கு ஆறு பேர் போதும். ஆனாலும் முகத்தில் எதுவோ காட்டிவிட்டேன் போலிருக்கிறது.

நவம்பர் 8

நூலகர் நனைந்த நாவலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பக்கங்கள் அலை அலையாகக் காய்ந்திருக்கின்றன.

நவம்பர் 11

களை எடுக்காத பாத்திகளில் புல் நெல்லின் தோளைத் தொட்டுவிட்டது. சில பாத்திகளில் நெல்லே தெரியவில்லை. நான் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதற்காகத்தான் எனக்கு உதவித்தொகை தருகிறார்கள். தினமும் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்று, மூச்சு முட்டுகிறவற்றைப் பார்த்து, எவ்வளவு முட்டுகிறது என்று எண் போட்டுவிட்டு வருகிறேன்.

நாற்பத்தேழில் இரண்டு பாத்திகள் பரவாயில்லை. மூன்றாவதில் புல் முந்திவிட்டது. நான்காவதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஒரு புல்லின் மேல் கை போய்விட்டது. பிடித்தேன். விட்டுவிட்டேன்.

நவம்பர் 13

மதியம் நான்காவது பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இருளாயி அக்கா மிளகாய் வயலிலிருந்து தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன தாயி, எழவு வீட்டு வாசல்ல உக்காந்த மாதிரி?”

“இது போச்சுன்னா ஏழு வருஷம் போச்சுக்கா. அடுத்த வருஷம் திட்டமே கிடையாது.”

“இம்புட்டு வயல்ல எது ஒங்களுது?”

“துணி கட்டினது.”

அவர் நான்கு துணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் வாளியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை என் மூடியில் வைத்தார். என் கண்ணில் புழுதி விழுந்திருந்தது. மழை தொடங்கி ஒரு மாதமாகிவிட்டது, ஈர மண்ணில் புழுதி ஏது என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 16

பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு. நாளைக் காலை பஸ். நான்கு நாள். நான் இல்லாதபோது இரண்டாவது களையெடுப்பு நடக்கும். வெள்ளைக் குச்சிகளைக் கதிரேசன் சாரிடம் மறுபடி காட்டிவிட்டேன்.

நவம்பர் 21

பையை விடுதியில் வைக்காமல் நேராக வயலுக்குப் போனேன்.

நாற்பத்தேழு ஜெயித்துவிட்டது. நான்கு பாத்திகளிலும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து தரையே தெரியாமல் மூடிக்கொண்டிருக்கின்றன. விலக்கிப் பார்த்தால் கீழே சுத்தமான மண். சுற்றியிருக்கும் பாத்திகளில் புல் இடுப்பளவு நிற்கிறது. அவற்றின் நடுவில் சிவப்புத் துணிகளுக்குக் கீழே நெல் மட்டும்.

வரப்பில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கதிரேசன் சார்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நவம்பர் 23

மாதிரி எடுக்கும் நாள். ஒவ்வொரு பாத்தியிலும் அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடி வீச வேண்டும். விழுந்த இடத்தில் உள்ள களையையெல்லாம் வெட்டிக் காகிதப் பையில் போட்டு, உலர்த்தி, எடை போட வேண்டும். நாற்பத்தேழின் ஒரு பாத்தியில் சட்டம் ஓரமாக விழுந்தது. ஓரம் கணக்கில் வராது என்பதால் மறுபடி வீசினேன்.

நவம்பர் 25

எடைகள் வந்துவிட்டன. மற்ற கல்ச்சர்களில் சராசரி நூற்று முப்பத்தெட்டு கிராம் களை. நாற்பத்தேழில் ஒன்பது.

மேடத்துக்கு போன் செய்தேன். பாத்தி எண்களைக் கேட்டு, உறையைப் பிரித்துச் சரிபார்த்தார். “தமயந்தி, நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒன்பதுன்னு நான் பார்த்ததில்ல,” என்றார். ஜனவரியில் தேர்வுக் குழுவை நேரில் அழைத்து வருகிறாராம்.

கோரைகூட இல்லை.

நவம்பர் 26

கோரை நிழலில் மெலியும். காணாமல் போகாது, அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. புத்தகத்தில் மறுபடி பார்த்தேன். எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

துணி துவைத்தேன். அம்மாவுடன் பேசினேன். அங்கே காஞ்சிபுரத்தில் நல்ல மழையாம்.

டிசம்பர் 3

நாற்பத்தேழின் பாத்திகளில் கோரை முளைத்திருக்கிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரு விரல் அளவு. ஒரே நாளில் பிறந்தவை போல.

சென்ற வாரம் மழை பெய்ததே, அதனால் இருக்கலாம்.

டிசம்பர் 6

மேடம் போன். குழு ஜனவரி இருபதாம் தேதி வருகிறது. விவசாயிகள் வயலுக்கு எவ்வளவு விதை தேவைப்படும் என்று கணக்குப் போட்டு வைக்கச் சொன்னார். சரி மேடம் என்றேன். போட்டும் வைத்தேன்.

டிசம்பர் 9

பஸ் நிறுத்தத்தில் இருளாயி அக்காவைப் பார்த்தேன். இரண்டு வாரமாக இந்த வழியாக வராமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். விடுதிக்கு அது குறுக்குவழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது குறுக்குவழி அல்ல.

“என்ன தாயி, ஆளையே காணோம். ஒங்க நெல்லு ஜெயிச்சிருச்சாமே. கதிரேசன் சாரு சொன்னாக.”

“அக்கா, நான் ஊர்ல இல்லாதப்ப துணி கட்டின பாத்தியில யாராவது எறங்கினாங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “நாங்கதான். சொல்லக்கூடாதுன்னு இருந்தோம், கேட்டுட்டீக.”

இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஊரில் ஆள் கூப்பிட முடியாமல் யார் வயலாவது களை மண்டிக் கிடந்தால், செட்டு வேலை முடிந்து போகும்போது அங்கே இறங்கிக் கடைசி அரைமணி நேரம் கூலி இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும். புருஷன் இல்லாதவள், படுத்துக் கிடக்கிறவன் என்று ஆள் பார்த்துச் செய்வார்கள். எடுத்துக் கொடுத்ததை வயல்காரரிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது கடனாகிவிடும்.

“பன்னெண்டு பேரு கேக்குற வயலுக்கு ஆறு பேருன்னுட்டாரு அந்த மனுசன். நீங்க பாவம், பாதிப் பாத்திய விட்டுட்டு நெல்லே அடிச்சிக்கிரும் அது இதுன்னு எங்ககிட்ட கத சொல்லுறீக. எங்களுக்குத் தெரியாதா? வயலு மொத்தமும் எங்களால முடியாது. அதான் ஒங்களுத மட்டும் எடுத்தோம். மூணு சாயங்காலம். நாலு பாத்தி.” நான்கு விரல்களைக் காட்டினார். “கோரையக் கெழங்கோட தோண்ட முடியல. மேலாப்புலதான் கிள்ளுனோம். அது மட்டும் மனசுக்குக் குறை.”

“புல்லெல்லாம் எங்கக்கா?”

“ஆடு தின்னுருச்சு.”

அவர் பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “யாருகிட்டயும் சொல்லிராதீக,” என்றார்.

களையெடுக்கும் பெண்கள் தேவைப்படாத ஒரு நெல்லுக்கு அவர்கள் கூலி இல்லாமல் களையெடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது அது தெரியும். அன்று வயலில் கேட்டாரே.

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 10

துணிகளை அவிழ்த்தேன். மூன்று வந்தன. நான்காவதன் முடிச்சு மழையில் இறுகிவிட்டது.

டிசம்பர் 12

யாருக்கும் தெரியாது. ஆட்டுக்குத்தான் தெரியும்.

இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். வரியை அடிக்காமல் விடுகிறேன்.

டிசம்பர் 14

மேடத்திடம் சொல்லிவிட்டேன். போனில்தான், நேரில் முடிந்திருக்காது.

“எத்தனை பாத்தி?” என்றார்.

“நாலும் மேடம்.”

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “எண்பது பாத்தியில சரியா அந்த நாலா? அவங்களுக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியக்கூடாதே.”

“நான் துணி கட்டியிருந்தேன்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, நோயாளியிடம் கேட்பது போல, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“முதல் ரெண்டு வருஷம் கட்டினியா?”

“இல்ல மேடம்.”

“ஆனா எதுன்னு தெரியும்.”

“இலையைப் பார்த்தா தெரியும்.”

“தெரிஞ்சுகிட்டுதான் மதிப்பெண் போட்ட.”

“ஆமா.”

“சட்டம் வீசினப்ப?”

ஒவ்வொரு வருஷமும் அதன் பாத்திகளில் ஏதாவது ஒன்றில் சட்டம் ஓரமாக விழுந்திருக்கிறது, மறுபடி வீசியிருக்கிறேன். மற்ற பாத்திகளில் அப்படி விழுந்ததாக நினைவில்லை.

“அது ஒருவேளை உண்மையிலேயே நல்ல கல்ச்சரா இருக்கலாம் தமயந்தி,” என்றார் மேடம். “அதுதான் கொடுமை. இனி அதை நீயும் நானும் சொல்ல முடியாது.”

குழுவுக்குக் கடிதம் எழுதிவிடுவதாகச் சொன்னார். நாற்பத்தேழு போகாது. மிச்சமுள்ள பத்தொன்பதை வைத்து ஆய்வேட்டை முடிக்க வேண்டும்.

டிசம்பர் 15

வயல் நோட்டில் அந்த நான்கு எண்களுக்கு எதிரே எழுதினேன்: களை எடுக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில், ஆய்வாளர் அடையாளம் கட்டியதால். பணியாளர்கள் என்று எழுதவில்லை. அது கருணை அல்ல. நடந்தது அதுதான்.

டிசம்பர் 29

கதிர் வந்துவிட்டது. களை எடுத்த பாத்திகளில் நாற்பத்தேழின் கதிர்கள்தான் மிக நீளம். இதைச் சொல்ல ஒருவருமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் பார்த்துச் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 9

இன்று காலை நான்காவது குச்சியிலிருந்த துணியை வெட்டக் கத்தரிக்கோலோடு போனேன். குனிந்தபோது குச்சிக்குப் பின்னால், வரப்பு மூலையில் ஒரு முழம் இடத்தைக் கண்டேன். பெண்களின் கை அங்கே எட்டவில்லை, குச்சி மறைத்திருக்கிறது.

முளைத்த நாளிலிருந்து யாரும் தொடாத மண். நாற்பத்தேழின் ஒரு தூர், அதை ஒட்டி ஒரு குதிரைவாலிப் புல். இரண்டும் ஒரே மழையில் முளைத்தவை. நெல்லில் பதினான்கு தண்டுகளை எண்ணினேன். புல்லில் இரண்டு, அவையும் வெளிறி, நெல் இலைகளுக்குக் கீழேயே நின்றுவிட்டன.

ஒரு முழம் கணக்கில் வராது. ஓரமும் கணக்கில் வராது. அதற்கும் மேலாக, பார்த்தது நான். மூன்று வருஷமாக இந்தக் கண் எதைப் பார்க்க ஆசைப்பட்டதோ அதையே பார்த்திருக்கிறது. பதினான்கு என்பதுகூடப் பதினொன்றாக இருக்கலாம். வேறு யாராவது ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும் என்றிருந்தது. எழுதி வைக்க அல்ல. ஒருமுறை காதால் கேட்க.

இருளாயி அக்கா மிளகாய் வயலில் இருந்தார். கூப்பிட்டேன். வரப்பில் வேகமாக வந்தார்.

“அக்கா, இந்த மூலையைப் பாருங்க. இதுல எது ஜெயிச்சிருக்கு?”

“எங்க தாயி?”

“இங்க. குச்சிக்குப் பின்னாடி.”

அவர் குனிந்தார். பெருவிரல் ஒரு கழுத்தைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது. நான் வாய் திறப்பதற்குள் புல் அவர் கையில் இருந்தது. வேரிலிருந்த மண்ணை முழங்கையில் தட்டி உதறி, வரப்பில் போட்டார்.

“இது ஒண்ணு விட்டுப்போச்சு தாயி,” என்றார். “நல்லவேள, பாத்தீக.”